வீட்டுக்குள்ள இருக்கீங்க... மேப்ல மட்டும் ஏன் பக்கத்துத் தெருவுல நிக்குறீங்க?

"சார், லொகேஷனுக்கு வந்துட்டேன். எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்ணா இருக்கேன். நீங்க எங்க நிக்குறீங்க?"

அப்பார்ட்மென்ட்வாசிகளுக்கு இந்த உரையாடல் இல்லாமல் ஒரு பிரியாணி பார்சல்கூட வந்து சேராது. பிரியாணி என்றால் கொஞ்சம் ஆறிப்போகும், அவ்வளவுதான். ஆனா, அதே நீலப் புள்ளியை நம்பி ஆம்புலன்ஸுக்கு லொகேஷன் அனுப்பினா?

முதலில் ஒரு விஷயம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் உங்க போனைப் பார்ப்பதே இல்லை. சுமார் 20,200 கி.மீ உயரத்தில் சுற்றிக்கொண்டு, தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரமானது என்பதை வைத்து, செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று போன்தான் கணக்குப் போடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களாவது சிக்கினால்தான் கணக்கு தேறும். ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே, தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். அப்படியும் மொட்டை மாடியில் நின்று பார்த்தால், சுமார் 5 மீட்டருக்குள் கரெக்டா காட்டும். அது நிஜமாவே பெரிய விஷயம்தான்!

வீட்டுக்குள் வந்ததும்தான் சிக்கல். அவ்வளவு தூரம் வந்த சிக்னல் ஏற்கெனவே படு வீக்காக இருக்கும். கான்கிரீட், இரும்புக் கம்பி, மால்களில் இருக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடி எல்லாம் அதை மேலும் அமுக்கிவிடும். சிக்னல் சுத்தமாக வராமல் போனால்கூடப் பரவாயில்லை. எதிர் பில்டிங் சுவரில் மோதித் திரும்பி, உங்க ஜன்னல் வழியாக நுழைவதுதான் பிரச்னை. சுற்றி வந்ததால் அதற்குக் கூடுதல் நேரம் ஆகியிருக்கும். போனுக்கு அது தெரியாது. செயற்கைக்கோள் இன்னும் தள்ளி இருப்பதாக நினைத்துக்கொள்ளும். உங்க புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுவது இப்படித்தான்.

ஜிபிஎஸ் கைவிட்டால் போன் வைஃபையைப் பிடிக்கும். நீங்க கனெக்ட் பண்ணணும்னுகூட இல்லை. சுற்றியிருக்கும் ரூட்டர்களின் அடையாள எண்களைப் படித்து, கூகுள், ஆப்பிள் வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நெருக்கமான குடியிருப்புகளில் இது நல்லாவே வேலை செய்யும். ஆனால், ரூட்டரைத் தூக்கிக்கொண்டு வீடு மாறியவர்கள் கொஞ்ச நாளைக்குப் பழைய ஏரியாவிலேயே 'வாழ' வாய்ப்பு உண்டு! வைஃபையும் சிக்காவிட்டால் செல்போன் டவர்தான் கதி. அதில் பல நூறு மீட்டர் தள்ளிப்போவது சகஜம். கிராமப்புறம் என்றால் கிலோமீட்டர் கணக்கில் போகும்.

இதையெல்லாம் மேப் மறைப்பதில்லை. புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று இருக்கும், பார்த்திருப்பீங்க. 'இந்த வட்டத்துக்குள்ள எங்கேயோ இருக்கீங்க' என்பதுதான் அதற்கு அர்த்தம். நாமதான் நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்கிறோம்.

எனவே, லொகேஷன் ஷேர் பண்ணும் முன்பு பால்கனிக்கோ ஜன்னல் ஓரத்துக்கோ போய், வட்டம் சுருங்கும்வரை பொறுங்க. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு 'பிரிசைஸ் லொகேஷன்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்க. ஆண்ட்ராய்டு என்றால் 'வைஃபை ஸ்கேனிங்'கையும் ஆன் பண்ணிடுங்க. டெலிவரி ஆப்பில் பின்னை விரலால் நகர்த்தி, உங்க கேட் மேலேயே வெச்சு சேவ் பண்ணலாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் மேப் புள்ளி மாடியைச் சொல்லாது. தரைத்தளமோ ஒன்பதாவது மாடியோ, மேப்பில் எல்லாம் ஒரே இடம்தான். அமெரிக்காவில் 911 அழைப்புகளுக்கு, உயரத்தையும் 3 மீட்டருக்குள் கண்டுபிடிக்கணும் என்று செல்போன் நிறுவனங்களுக்கு விதியே போட வேண்டியிருந்தது. அதனால் 108-க்கு போன் பண்ணும்போது தெரு, பிளாக், மாடி, கதவு எண், பக்கத்தில் இருக்கும் கோயிலோ கடையோ, எல்லாத்தையும் வாயாலேயே சொல்லிடுங்க. வீட்டில் இன்னொருத்தர் இருந்தால், கையில் போனோடு அவரை கேட்டுக்கு அனுப்பிடுங்க.