ஸஅதர்: மலைச்சரிவின் நறுமணச் செடி

அரபு மருத்துவ நூல்களைப் பயிலத் தொடங்கும் மாணவர்க்கு ஒரு சிறு ஐயம் எழுவதுண்டு. ஒரே செடியின் பெயர் சில நூல்களில் ‘ஸீன்’ எழுத்தாலும், சில நூல்களில் ‘ஸாத்’ எழுத்தாலும் தொடங்கும். இன்றைய பேச்சு வழக்கிலோ ‘ஸாய்’ வந்துவிடுகிறது. ஸஅதர் என்பதே அச்செடி. அகராதி அறிஞர் அல்ஜவ்ஹரி தமது ‘அஸ்ஸிஹாஹ்’ நூலில் இதற்குக் காரணம் கூறுகிறார். வாற்கோதுமையைக் குறிக்கும் ‘ஷஈர்’ என்னும் சொல்லுடன் மயங்காதிருக்கவே மருத்துவ நூல்களில் சிலர் ஸாதைக் கொண்டு எழுதினர். புள்ளிகள் விடுபட்டால் ஸீனில் எழுதிய ஸஅதரும் ஷஈரும் ஒரே வடிவாகத் தோன்றுமன்றோ! மருந்தின் பெயர் பிழைத்தால் நோயாளி பிழைப்பது அரிது என அவர்கள் அஞ்சினர் போலும்.

பெயரைக் காக்க முன்னோர் எடுத்துக்கொண்ட கவனம், இன்று அச்செடியைக் காக்கவே தேவைப்படுகிறது.

ஃபலஸ்தீன், லெபனான், ஸிரியா, ஜோர்டான் ஆகிய நாடுகளின் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் இது தானாக வளர்கிறது. தாவரவியலார் இதனை ‘ஒரிகானம் ஸிரியாகம்’ என்பர். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் பூக்கடைகளில் கதம்பத்துடன் சேர்த்துக் கட்டப்படும் மருவும் இதே இனத்தின் உறவே. ஸஅதரின் அடித்தண்டு கட்டைபோன்று பல்லாண்டு நிலைத்திருக்கும். இலைகள் சிறியவை, சாம்பல் படர்ந்த பசுமையும் மென்மயிரும் உடையவை. கோடையில் வெண்ணிறச் சிறுமலர்கள் பூக்கும். இதன் எண்ணெயிலுள்ள கார்வக்ரால், தைமால் என்னும் பொருள்களே காரமான மணத்திற்குக் காரணம். நம் ஓமத்தின் மணமும் தைமாலால் அமைந்ததே.

உலர்த்திப் பொடித்த இலையுடன் சுமாக் கனித்தூள், வறுத்த எள், உப்பு ஆகியவற்றைக் கலந்தால் கிடைக்கும் கலவைக்கும் ஸஅதர் என்றே பெயர். ஒலிவ எண்ணெயில் அதனைக் குழைத்து ரொட்டியுடன் உண்பது அந்நாட்டாரின் காலை உணவாகும். தேர்வு நாளில் பிள்ளைகளுக்கு இதனைக் கொடுத்தால் நினைவாற்றல் கூடும் என்பது தாய்மார்களின் நம்பிக்கை. இருமலுக்கும் வயிற்று உப்புசத்திற்கும் இலையைக் கொதிக்கவைத்துப் பருகுவர். நாப்லுஸை அடுத்த ஜரிஸீம் மலையில் வாழும் ஸாமிரிய்யர் தம் பஸ்காச் சடங்கில் இச்செடியைப் பயன்படுத்துகின்றனர்.

வணிகத் தேவை பெருகியதும் மலைகளில் பறிப்பு மிகுந்தது. 1977-இல் இஸ்ரேல் அரசு இதனைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாக அறிவித்துப் பறிப்பதைத் தடைசெய்தது. வீட்டுத் தேவைக்குப் பறித்த ஃபலஸ்தீனியர் பலர் தண்டத்திற்கும் வழக்கிற்கும் உள்ளாயினர். தலைமுறைகளாகப் பறித்தும் அழியாத செடிக்காகத் தம் மக்களே குற்றவாளிகளாக்கப்படுவதாக அவர்கள் முறையிட்டனர். 2020-இல்தான் சொந்தத் தேவைக்குச் சிறிதளவு பறிப்பதன் மீதான கெடுபிடி தளர்ந்தது.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. பறிப்பது வேறு, பிடுங்குவது வேறு. வேர் நிலத்தில் இருக்க, தண்டை மட்டும் அரிந்தெடுத்தால் செடி மீண்டும் தழைக்கும். வேரோடு பிடுங்கினால் அடுத்த ஆண்டு அவ்விடத்தில் பாறையே மிஞ்சும்.

மலையின் சுமையைக் குறைக்க வயலில் பயிரிடுவதே நல்வழி. ஜெனீன் வட்டாரம் உள்ளிட்ட பல இடங்களில் ஸஅதர் இன்று வயற்பயிராகிவிட்டது. விதை தூள்போல் நுண்ணியதாகையால் நாற்றங்காலில் மேலாகத் தூவி, நாற்று வளர்ந்தபின் நடுகின்றனர். மணம் மிக்க தாய்ச்செடியிலிருந்து தண்டு வெட்டி நடுவதும் உண்டு. வெயிலும் நீர் தேங்காத மண்ணும் இதற்கு இன்றியமையாதவை. நீர் தேங்கினால் வேர் அழுகும். பூக்கும் முன் அறுத்து, நிறமும் மணமும் குன்றாதிருக்க நிழலில் உலர்த்துவர். மலையில் ஆண்டுக்கொருமுறை கிடைப்பது, சொட்டுநீர் பாயும் வயலில் பலமுறை கிடைக்கிறது.

ஓர் எழுத்தை மாற்றிப் பெயரின் மயக்கத்தைத் தீர்த்தனர் முன்னோர். அரிவாளை வேருக்குச் சற்று மேலே நிறுத்துவதும் அத்தகைய சிறு கவனமே. சட்டம் அச்சுறுத்தியும் செய்யமுடியாததை அக்கவனம் செய்துவிடும்.