அசோகப்பட்டையும் அதன் போலியும்

மாதவிடாய்க் காலத்தில் அளவுக்கு மிஞ்சிய உதிரப்போக்கைப் 'பெரும்பாடு' என்று நம் வைத்திய நூல்கள் கூறும். தறியிலும் வயலிலும் உழைக்கும் நம் பெண்மணிகளிற் பலர் இதனை வெளியிற் சொல்லக் கூசி, உடல் வெளுத்துச் சோர்ந்த பின்னரே மருந்தை நாடுகின்றனர்.

இந்நோய்க்கு நாட்டு வைத்தியர்கள் தொன்றுதொட்டுக் கையாளும் சரக்குகளுள் முக்கியமானது அசோகப்பட்டை. துவர்ப்பு மிகுந்த இப்பட்டையை இடித்து, பாலும் நீரும் கலந்து, நீர் வற்றுமளவும் காய்ச்சி வடித்துக் கொடுப்பது ஒரு முறை. பட்டைக் கஷாயத்தில் வெல்லமும் தாதகிப் பூவும் பிறவும் சேர்த்துப் புளிக்க வைக்கும் அசோகாரிஷ்டம் மற்றொன்று.

ஆனால் கடையில் கிடைப்பதெல்லாம் அசோகப்பட்டைதானா? சாலையோரங்களில் ஒல்லியாக நெடிதுயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தையும் மக்கள் 'அசோக மரம்' என்றே அழைக்கின்றனர். அதன் பட்டை உண்மையான அசோகப்பட்டையின் பெயரில் விற்கப்படுவதுண்டு. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. நெட்டிலிங்கத்தின் இலை தனி இலை, விளிம்பு அலை அலையாயிருக்கும், பூ வெளிர்பச்சை. மெய்யான அசோகத்தின் இலை, புளிய இலையைப்போல் ஒரே காம்பில் இணை இணையாய் அமைந்த கூட்டிலை. ஆயினும் சிற்றிலைகள் பெரியவை. தளிர் செம்பு நிறத்தில் தொங்கும். பூ செம்மஞ்சட் கொத்து. மரத்திற் காணும் இவ்வேற்றுமை பட்டை பொடியானபின் கண்ணுக்குப் புலப்படாது.

போலி பெருகக் காரணம் அசலின் அருமையே. சுற்றிலும் பட்டை உரிக்கப்பட்ட மரம் பட்டுப்போகும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998-இல் அசோகத்தை அழிவாபத்துக்கு இலக்காகும் இனங்களுள் சேர்த்தது.

இங்கேதான் கூட்டுறவின் கடமை தொடங்குகிறது. நாட்டு வைத்தியர்கள் ஒன்றுகூடி 1944-இல் சென்னையில் இம்ப்காப்ஸ் என்னும் கூட்டுறவு மருந்துச்சாலையை நிறுவினர். மருந்து செய்வோர் கூடியதுபோல் சரக்கு விளைவிப்போரும் கூடலாமன்றோ? அசோகம் உடனே பணம் தரும் பயிரன்று; ஆயினும் தோட்ட ஓரங்களில் நட்டு வைக்கலாம். பட்டையைப் பொடியாக வாங்காமல், இலையும் பூவும் சேர்ந்த மாதிரியுடன் முழுப் பட்டையாகவே வாங்குவதென்று சங்கங்கள் விதி செய்யலாம். நூலின் நம்பரைச் சரிபார்க்காமல் நாம் சிட்டம் வாங்குவதில்லை. உடம்புக்குள் செல்லும் மருந்தில் அக்கவனம் குறையலாமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மிகு உதிரப்போக்குக்குக் கருப்பைக் கட்டியும் புற்றுநோயும்கூடக் காரணமாகலாம். மாதவிடாய் நின்றபின் உதிரம் காணின் ஒருநாளும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நோய் இன்னதென்று அறிந்த பின்னரே பட்டையைப் பற்றிய பேச்சு.