புது மடிக்கணனி சூடேறுகிறதா? கணக்கைக் காப்பாற்றுங்கள்

கடைக் கணக்கைக் கொப்பியிலிருந்து கணனிக்கு மாற்றிக்கொண்ட வர்த்தகர்கள் இன்று நம்மத்தியில் ஏராளம். புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் நானும் அவர்களில் ஒருவன். அண்மையில் கடைக்கென்று புது மடிக்கணனி ஒன்றை வாங்கினேன். மூன்றாம் நாளே, தட்டச்சு செய்கையில் உள்ளங்கை படும் இடம் கை பொறுக்காத அளவுக்குச் சுட்டது.

அந்த இடத்தின் கீழேதான் தரவுகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. இருந்தது. வெளியூர்க் கடைக்காரர்களுக்குக் கொடுத்த கடன் கணக்கு முழுவதும் அதற்குள். பயம் வராமல் என்ன செய்யும்?

விசாரித்தபோது சில விடயங்கள் விளங்கின. பழைய வன்தட்டில் தட்டு சுழலும். இன்றைய என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் எதுவுமில்லை. பெரும்பாலும் 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட சிறு தகடுதான் அது. இவ்வளவு சிறிய இடத்தில் தரவுகள் அதிவேகமாகப் போய் வருவதால் சூடு உண்டாவது இயல்பு. பொதுவாக 70 பாகை செல்சியஸ் வரை இவை இயங்கலாம் எனத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். எனவே 40, 50 பாகைக்குக் கலங்கத் தேவையில்லை. சூடு எல்லை மீறினால், தன்னைக் காத்துக்கொள்ள அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணனி திடீரென மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே கையால் தொட்டுத் தீர்மானிக்காமல் அளந்து பாருங்கள். விண்டோஸ் 11இல் ஸ்டோரேஜ் செட்டிங்ஸில் 'டிஸ்க்ஸ் அன்ட் வொல்யூம்ஸ்' பகுதிக்குச் சென்றால் இவ்வகை எஸ்.எஸ்.டி.யின் வெப்பநிலையைக் காணலாம். 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளும் அதைக் காட்டும்.

என்னுடையது சும்மா இருக்கும்போதே 58 பாகை. கோப்புகளைப் பிரதி செய்யும்போது 80ஐத் தாண்டியது. முதல் தவறு என்னுடையதுதான். துணிக்கட்டின் மேல் வைத்து வேலை செய்ததால் அடிப்பக்கக் காற்றுத் துவாரங்கள் அடைபட்டிருந்தன. மரமேசைக்கு மாற்றியதும் சற்றுக் குறைந்தது. புதுக் கணனி ஆரம்ப நாட்களில் மென்பொருள் புதுப்பிப்புகளைத் தரவிறக்கிக்கொண்டு ஓய்வின்றி இயங்கும் என்றார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். பிரதி செய்யும்போது அதே 80.

உத்தரவாதத்துக்குப் பங்கம் வரக்கூடாதென்று நானே திறந்து பார்க்கவில்லை. திகதி, நேரம், வெப்பநிலை மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு, பற்றுச்சீட்டுடன் வாங்கிய இடத்துக்கே போனேன். "புதுசெல்லாம் இப்படித்தான் சுடும் நானா" என்றார் விற்பனையாளர். தாளைக் காட்டியதும் பேச்சு மாறியது. திறந்து பார்த்தால், எஸ்.எஸ்.டி.யின் சூட்டை உலோகத் தகட்டுக்குக் கடத்த வேண்டிய மெத்தென்ற பட்டை இடம் விலகிக் கிடந்தது. அதைச் சரிசெய்த பின் பிரதி செய்யும்போதும் 65ஐத் தாண்டவில்லை.

அங்கே கொண்டுபோகுமுன் நான் செய்த ஒரு வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கணக்கு முழுவதையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்து வீட்டில் வைத்தேன். பழைய வன்தட்டு பழுதாகுமுன் பல வேளைகளில் சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. எந்தச் சத்தமுமின்றி ஒரேயடியாக நின்றுவிடக்கூடும்.

உத்தரவாதச் சீட்டைக் காட்டினால் புது எஸ்.எஸ்.டி. கிடைக்கும். யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு கிடைக்காது. இன்றிரவு கடை மூடுமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.