அடிமை விலங்கை அசைத்த அண்டீட்டம் போர்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) அடிமை ஒழிப்புக்கெனவே தொடங்கியதாகப் பலர் கருதுவர். தென்மாநிலங்கள் அடிமை முறையைக் காக்கவே பிரிந்தன என்பது உண்மை. ஆயினும், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் தொடக்கத்தில் அறிவித்த நோக்கம் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதேயாகும். அந்நோக்கத்துடன் அடிமைகளின் விடுதலையையும் இணைக்க வழிவகுத்த களம் அண்டீட்டம் என்பதை நாம் அறிதல் வேண்டும்.

1862 ஜூலையில் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை லிங்கன் அமைச்சரவை முன் வைத்தார். வடபடைகள் பின்னடைந்திருந்த வேளை அது. போர்க்களத்தில் வெற்றி கிட்டிய பின்னரே அதனை வெளியிடுதல் நன்று என வெளியுறவு அமைச்சர் சீவர்ட் எடுத்துரைத்தார். லிங்கன் காத்திருந்தார்.

செப்டம்பரில் தென்படைத் தளபதி இராபர்ட் லீ, போடோமாக் ஆற்றைக் கடந்து மேரிலாந்துக்குள் புகுந்தார். மூன்று சுருட்டுகளைச் சுற்றியிருந்த தாள் ஒன்று வடபடை வீரர் கையில் சிக்கியது. அது லீயின் படைத்திட்ட ஆணையின் நகல்! எனினும் வடபடைத் தளபதி மக்கிளெல்லன் விரைந்து செயற்படவில்லை. செப்டம்பர் 17 அன்று ஷார்ப்ஸ்பர்க் அருகே, மக்காச்சோளக் கொல்லையிலும் பள்ளச் சாலையிலும் ஓடைமீதிருந்த கற்பாலத்திலும் கடும்போர் மூண்டது. அந்த ஒரே நாளில் இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் இருதரப்பிலும் ஏறத்தாழ 23,000 பேர்.

களத்தில் வெற்றி எவர்க்கும் தெளிவாக அமையவில்லை. ஆயினும் 18ஆம் நாள் இரவு லீ பின்வாங்கினார். லிங்கனுக்கு அதுவே போதுமானதாயிற்று. செப்டம்பர் 22இல் முன்னறிவிப்பு வெளிவந்தது. 1863 ஜனவரி 1இல் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. கறுப்பின மக்கள் ஏறத்தாழ 1,80,000 பேர் வடபடையில் சேர்ந்து போரிட்டனர்.

எனினும் அப்பிரகடனம் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. இத்துணைக் குருதி சிந்திய மேரிலாந்து ஒன்றியத்தில் நீடித்தமையால், அங்கிருந்த அடிமைகளை அது விடுவிக்கவில்லை. அம்மாநிலம் 1864 நவம்பரில்தான் அடிமை முறையை ஒழித்தது. நாடு முழுமைக்கும் 1865 டிசம்பரில், அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தாலேயே அது ஒழிந்தது.

அதுவரை வாழாதவருள் ஒருவர் உமர் இப்னு சயீத். இன்றைய செனகல் பகுதியில் மார்க்கக் கல்வி பெற்ற அவர், 1807இல் அமெரிக்காவுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டார். 1831இல் தம் வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். ஆட்சியும் உடைமையும் இறைவனுக்கே என்று உணர்த்தும் திருக்குர்ஆனின் 'அல்முல்க்' அத்தியாயத்தையே அதன் தொடக்கமாக வைத்தார். போர் முடியுமுன்னரே, வட கரோலினாவில் அடிமையாகவே அவர் மறைந்தார்.

அடிமையை விடுவித்தலை உயர்ந்த அறமாகப் போதிக்கும் மார்க்கத்தினராகிய நாம், தளபதிகளின் பெயர்களோடு உமரின் பெயரையும் நினைவிற்கொள்வோமாக!