போர்க்லிப்ட்டில் வயர்லெஸ் கம்ப்யூட்டர்: டிரைவரும் குமாஸ்தாவும் அறிய வேண்டியவை

ஐதராபாத்தைச் சுற்றி மேட்சல், ஷம்ஷாபாத், பட்டான்செரு பகுதிகளில் பெரிய சரக்குக் கிடங்குகள் பெருகியுள்ளன. 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத் விமான நிலையம் திறக்கப்பட்டது ஒரு காரணம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது மற்றொரு காரணம். முன்பு வரியை உத்தேசித்து மாநிலத்துக்கொரு சிறு கிடங்கு வைத்திருந்த கம்பெனிகள், பிறகு சில இடங்களில் மட்டும் பெரிய கிடங்குகளை அமைக்கத் தொடங்கின.

இத்தகைய கிடங்குகளில் டிரைவராகவோ ஸ்டோர் குமாஸ்தாவாகவோ சேரும் நம்மவர்கள், போர்க்லிப்ட் வண்டியில் பொருத்தப்பட்ட சிறு கம்ப்யூட்டரைக் காணலாம். எந்த ரேக்கிலிருந்து எந்தச் சரக்கை எடுப்பது, எங்கே வைப்பது என்று அது திரையில் காட்டும். துண்டுச் சீட்டுக்கு வேலை இல்லை. கூரையடியில் உள்ள வைபை கருவிகள் மூலம் அது ஆபீசுடன் பேசுகிறது. இதற்குப் பயன்படும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் 2005-ல் லைசென்ஸ் விலக்கு அளிக்கப்பட்டது.

கருவி நல்லதுதான். ஆனால் அதைத் தவறான இடத்தில் மாட்டினாலும், தவறான நேரத்தில் பார்த்தாலும் ஒருவர் காலை இழக்க நேரிடலாம்.

பொருத்தும் முறை

முதல் விதி, டிரைவரின் பார்வையை மறைக்கக் கூடாது. டிரைவர் இருக்கையில் அமர்ந்து, முன்னும் பின்னும் பார்த்துச் சொன்ன பிறகே இடத்தை முடிவு செய்ய வேண்டும். திரை, கை எட்டும் தூரத்தில் பக்கவாட்டில் இருப்பது நலம்.

டிரைவரின் தலைக்கு மேல் உள்ள இரும்புக் கூண்டு, மேலிருந்து விழும் சரக்கிலிருந்து அவரைக் காப்பது. அதன் தூணில் துளை போடுவதும் வெல்டிங் செய்வதும் அதன் பலத்தைக் குறைக்கும். ஆகவே இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பையே பயன்படுத்த வேண்டும்.

வேலை தொடங்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றி விட வேண்டும். மின்சார வண்டிகளில் 48 வோல்ட், 80 வோல்ட் பாட்டரிகள் உண்டு. அதில் ஆறு செல்லை மட்டும் தட்டி 12 வோல்ட் எடுப்பது சிலர் செய்யும் தவறு. அந்தச் செல்கள் மட்டும் சீக்கிரம் வடிந்து பாட்டரி கெட்டுவிடும். முழு பாட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்து, அதற்கேற்ற கன்வர்ட்டர் வைக்க வேண்டும். வண்டியின் உடலை நெகடிவ் வயராகப் பயன்படுத்தக் கூடாது. பியூஸ், பாட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். தூக்கும் மாஸ்ட்டின் சங்கிலியிலோ பெடலிலோ சிக்காதபடி வயரைக் கட்ட வேண்டும்.

ஓட்டும்போது

மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, இரண்டு வினாடியில் சுமார் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். அந்த இரண்டு வினாடி திரையைப் பார்த்தால், ரேக் சந்திலிருந்து வெளியே வரும் ஆள் கண்ணில் பட மாட்டார். மேலும் போர்க்லிப்ட் பின்சக்கரத்தால் திரும்புவதால், வளைக்கும்போது அதன் வால் பக்கம் வெளியே வீசும். எனவே வண்டியை நிறுத்தி, போர்க்கைத் தரையில் இறக்கி, பிரேக் போட்ட பிறகே திரையைத் தொட வேண்டும். வண்டி நகரும்போது திரை தானாகவே மறையும் வசதி பல கருவிகளில் உண்டு. அதைச் சூப்பர்வைசரிடம் கேட்டு இயக்கச் செய்யலாம்.

குளிர்கிடங்கிலிருந்து வெளியே வரும் வண்டியின் திரையில் ஈரம் படியும். திரைக்குச் சூடு தரும் கருவிகளே அங்கு ஏற்றவை.

ஆபீசில் இருப்பவர்களுக்கு

திரைக்கு மறுமுனையில் இருப்பவர் குமாஸ்தா. டிரைவர் ஏற்ற வேலையை முடிக்குமுன் அடுத்தடுத்து உத்தரவு அனுப்புவதும், தாமதம் ஏன் என்று நொடிக்கொரு செய்தி அனுப்புவதும் அவர் கண்ணைப் பாதையிலிருந்து திருப்பும். வண்டி நின்று வேலை முடிந்ததாகப் பதிவு வந்த பின் அடுத்ததை அனுப்பினால் போதும்.

ஷிப்ட் தொடங்குமுன் கிளாம்ப் ஆடுகிறதா, வயர் தேய்ந்திருக்கிறதா, திரை தெளிவாகத் தெரிகிறதா என்று டிரைவர் பார்த்துக்கொள்ள வேண்டும். குறை இருந்தால் வாயால் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், பதிவேட்டில் தேதி போட்டு எழுதி வைப்பது அவருக்கே பாதுகாப்பு.