சிறுநீர்ப்பை நீக்கத்துக்குப் பிந்தைய சிறுநீரகப் பாதிப்பு

சிறுநீர்ப்பை நீக்கத்துக்குப் பிந்தைய சிறுநீரகப் பாதிப்பு என்பது, சிறுநீர்ப்பையை முழுமையாக அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீரகங்களின் செயல்திறன் குறைவதைக் குறிக்கும். தசை அடுக்குவரை பரவிய சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கே இந்த அறுவை பெரும்பாலும் செய்யப்படுகிறது. அறுவையில் சிறுநீரகங்களை யாரும் தொடுவதில்லை. ஆயினும் அவற்றிலிருந்து சிறுநீர் வெளியேறும் பாதை மாற்றப்படுவதால் அவை பாதிப்புக்கு உள்ளாகின்றன. இப்பாதிப்பு சில நாள்களிலும் வரலாம், மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

மாற்றுப் பாதை

சிறுநீர்ப்பை அகற்றப்பட்டதும் சிறுகுடலின் கடைப்பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டியெடுக்கப்படுகிறது. இரு சிறுநீர்நாளங்களும் அதில் இணைக்கப்பட்டு, அதன் மறுமுனை வயிற்றுத் தோலில் திறப்பாக அமைக்கப்படுகிறது. சிறுநீர் அத்திறப்பின் மேல் ஒட்டப்படும் பையில் சேரும். அமெரிக்க மருத்துவர் யூஜின் பிரிக்கர் 1950இல் விளக்கிய இம்முறை இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது.

தொடக்கக்காலக் காரணங்கள்

* அறுவையின்போது ஏற்படும் இரத்த இழப்பும் இரத்த அழுத்தக் குறைவும்
* குடல் இயக்கம் தாமதமாவதால் வரும் வாந்தி, நீரிழப்பு
* நோய்த்தொற்று
* அறுவைக்கு முன் தரப்படும் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளும் டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளும்
* இணைப்பிடத்தில் அடைப்பு

இணைப்பிடத்தில் கசிவு ஏற்பட்டால், வயிற்றுக்குள் தேங்கும் சிறுநீரிலுள்ள கிரியேட்டினின் மீண்டும் இரத்தத்தில் கலக்கும். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அது கெட்டுவிட்டதுபோல் இரத்தப் பரிசோதனை காட்டும். வடிகுழாய் நீரில் கிரியேட்டினின் அளவு இரத்தத்தில் உள்ளதைவிட மிக அதிகமாக இருந்தால், அது கசிவு என அறியலாம்.

கண்டறிதல்

2012ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருந்தாலே அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகும்.

* 48 மணி நேரத்தில் கிரியேட்டினின் 0.3 மி.கி. அல்லது அதற்கு மேல் உயர்தல்
* 7 நாள்களுக்குள் முந்தைய அளவைப்போல் 1.5 மடங்கு ஆதல்
* 6 மணி நேரம் தொடர்ந்து, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்கும் குறைவாகச் சிறுநீர் வெளியேறுதல்

60 கிலோ எடையுள்ளவருக்குக் கடைசி அளவு மணிக்கு 30 மி.லி. ஆகும். 0.8 இருந்த கிரியேட்டினின் ஒரு வாரத்துக்குள் 1.2 ஆனால், ஆய்வக அறிக்கை அதை இயல்பு என்றே குறிப்பிடக்கூடும். ஆனால் அது 1.5 மடங்கு உயர்வு. எனவே அறுவைக்கு முந்தைய அறிக்கையைப் பாதுகாத்து ஒப்பிடுவது அவசியம்.

பிற்காலப் பாதிப்பு

சிறுநீர்நாளம் குடலுடன் இணையும் இடம் தழும்பால் சுருங்கலாம். இடப்பக்க நாளம் குடலின் பின்புறமாக வலப்பக்கம் கொண்டுவரப்படுவதால் அதில் சுருக்கம் அதிகம் காணப்படுகிறது. வலி இல்லாமலேயே ஒரு சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். மற்றொன்று ஈடுசெய்வதால் கிரியேட்டினினும் உடனே உயராது. ஆகவே இரத்தப் பரிசோதனையுடன் ஸ்கேன் பரிசோதனையும் குறித்த இடைவெளியில் தேவை. குடல் துண்டு சிறுநீரிலுள்ள உப்புகளை உறிஞ்சுவதால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவதும் உண்டு.

சென்னையில்

1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னையின் பழைமையான புற்றுநோய் மருத்துவமனை. ஈக்காட்டுத்தாங்கலை அடுத்த கிண்டியில் 2023 ஜூன் 15 அன்று கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. மே மாத அக்னி நட்சத்திர வெயிலில் வியர்வையால் நீரிழப்பு மிகுவதால், பை பொருத்தியவர்கள் அதில் சேரும் சிறுநீரின் அளவைக் கவனிக்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் குடிக்கும் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள்

* பையில் சிறுநீர் வெகுவாகக் குறைதல் அல்லது நின்றுபோதல்
* குளிர் காய்ச்சல், விலா வலி
* ஓயாத வாந்தி, கால் வீக்கம், மூச்சு வாங்குதல்

அடைப்பு உரிய காலத்தில் நீக்கப்பட்டால் சிறுநீரகம் மீள வாய்ப்புண்டு. மருந்துக்கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி உட்கொள்வதைத் தவிர்ப்பதும் முக்கியம்.