சென்னை – திருமலை – வெதுருகுப்பம்: ஒரே சார்ஜில் போய்ச் சேருமா மின்சார கார்?

மின்சார கார் வாங்கலாமா என்று யோசிக்கும் எல்லோரும் ஷோரூமில் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் ஓடும்?" பதிலாக ஒரு எண் வரும். வாங்கிய பிறகு சாலையில் கிடைப்பது வேறு எண்ணாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே 100 கி.மீ-க்கு மேல் இடைவெளி இருப்பது சகஜம்.

கம்பெனிக்காரர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. ரேஞ்ச் என்பது காருக்குள் நிரந்தரமாக இருக்கும் அளவு அல்ல. வேகம், மேடு, வெயில், சுமை என்று ஒவ்வொன்றும் அதைக் கூட்டும், குறைக்கும். எது எவ்வளவு குறைக்கிறது என்பதை ஒரு நிஜமான பயணத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

இரண்டு எண்கள் ஏன்?

டாடா நெக்ஸான் இவி-யின் 45 கிலோவாட்-மணி பேட்டரி மாடல் 2024-ல் வந்தபோது, அதன் சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் 489 கி.மீ. அதே நிறுவனம் 'சி75' என்று இன்னொரு எண்ணையும் தந்தது: 350 முதல் 370 கி.மீ. நான்கில் மூன்று வாடிக்கையாளர்களுக்கு நிஜத்தில் இந்த அளவாவது கிடைக்கும் என்பது அதன் பொருள். ஒரே கார், ஒரே பேட்டரி, ஆனால் எண்கள் இரண்டு.

காரணம் சோதனை முறை. இந்தியாவில் கார்களைச் சோதிக்கும் எம்ஐடிசி முறையில், ஆய்வகத்தில் உருளைகள் மேல் காரை ஓட்டுகிறார்கள். அதன் ஒரு சுற்று சுமார் 20 நிமிடம், 11 கி.மீ-க்கும் குறைவு. சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ-யைச் சுற்றி. அதிகபட்சமே 90 கி.மீ. ஏசி ஓடாது. மேடு கிடையாது. மே மாத வெயிலும் கிடையாது. இரண்டு கார்களை ஒப்பிட இந்தச் சோதனை உதவும். உங்கள் ஊருக்குப் போய்ச் சேருவீர்களா என்பதை அது சொல்லாது.

கி.மீ-யை விடுங்கள், யூனிட்டில் யோசியுங்கள்

ஒரு கிலோவாட்-மணி என்பது வேறு எதுவும் இல்லை, கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட்தான். 45 கிலோவாட்-மணி பேட்டரி என்றால் 45 யூனிட் பிடிக்கும் டேங்க். பாதுகாப்புக்காக அதில் கொஞ்சம் ஒதுக்கப்பட்டிருக்கும். எனவே நம் பயன்பாட்டுக்கு 42 யூனிட் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கட்டுரையில் வரும் கணக்கு எல்லாம் குறிப்பிட்ட எந்த மாடலுக்கும் உரியது அல்ல. ஆட்களோடு சேர்த்து 1,900 கிலோ எடையுள்ள, நடுத்தர எஸ்யூவி உருவம் கொண்ட ஒரு மாதிரி காருக்கு, இயற்பியல் சூத்திரங்களை வைத்துப் போட்டது. உங்கள் காரில் எண்கள் கொஞ்சம் மாறலாம், போக்கு மாறாது.

முதல் எதிரி: காற்று

ஏசி ஓட, சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் போனால்:

- மணிக்கு 60 கி.மீ: 100 கி.மீ-க்கு 12 யூனிட், ரேஞ்ச் சுமார் 350 கி.மீ
- மணிக்கு 80 கி.மீ: 100 கி.மீ-க்கு 15 யூனிட், ரேஞ்ச் சுமார் 280 கி.மீ
- மணிக்கு 100 கி.மீ: 100 கி.மீ-க்கு 18.5 யூனிட், ரேஞ்ச் சுமார் 225 கி.மீ
- மணிக்கு 120 கி.மீ: 100 கி.மீ-க்கு 23 யூனிட், ரேஞ்ச் சுமார் 180 கி.மீ

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு விசை நான்கு மடங்காகும். அதனால்தான் 60-லிருந்து 120-க்குப் போகும்போது ரேஞ்ச் கிட்டத்தட்ட பாதியாகிறது. சித்தூர் மாவட்டம் வழியாக வரும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை 120 கி.மீ வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டது. அதில் மின்சார காரை முழு வேகத்தில் ஓட்ட நினைப்பவர்கள் இந்தப் பட்டியலின் கடைசி வரியை இன்னொரு முறை படிப்பது நல்லது.

பெட்ரோல் காரிலும் இதே காற்றுதானே? ஆமாம். ஆனால் பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்கிவிடுகிறது. அந்தப் பெரிய இழப்புக்குள் மற்ற சின்ன இழப்புகள் கண்ணில் படுவதில்லை. மின்சார மோட்டாரில் வீணாவது மிகக் குறைவு. அதனால் கூடுதலாகச் செலவாகும் ஒவ்வொரு யூனிட்டும் டிஸ்ப்ளேயில் அப்படியே தெரிந்துவிடுகிறது.

மேடு: வாங்கிய கடனில் பாதி திரும்பி வரும்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும்போது கார் சுமார் 700 மீட்டர் உயரம் போகிறது. 1,900 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 3.6 யூனிட் தேவை. மோட்டார் இழப்பையும் சேர்த்தால் 4 யூனிட்டைத் தாண்டும். இதோடு சாலை உராய்வு, காற்று, ஏசி எல்லாம் சேர்த்து, ஏறுவதற்கான சுமார் 18 கி.மீ-க்கு ஏறக்குறைய 6 யூனிட் போய்விடும். அதே தூரம் சமதளமாக இருந்தால், அதே வேகத்தில் 2 யூனிட் போதும்.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பிரேக் பிடிக்கும் வேலையையும் செய்து பேட்டரியையும் நிரப்புகிறது. இதைத்தான் ரீஜென் என்கிறோம். 3.6 யூனிட்டும் திரும்பி வராது. சாலை உராய்வுக்கும் காற்றுக்கும் போக மிச்சம், அதிலும் மாற்றும்போது ஏற்படும் இழப்பு போக, 1.8 யூனிட் வரை கிடைக்கும். இறங்கும் நேரத்தில் ஏசி குடிப்பதைக் கழித்தால் கையில் நிற்பது 1 யூனிட். கேட்கக் குறைவுதான். ஆனால் 19 கி.மீ ஓடிவிட்டு, கிளம்பியபோது இருந்ததைவிடக் கூடுதலான சார்ஜோடு கீழே வந்து சேர்வது வேறு எந்த வண்டியிலும் நடக்காது.

1944-ல் திறக்கப்பட்ட பழைய மலைப்பாதையும் 1974-ல் வந்த இரண்டாவது பாதையும் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்காகப் போடப்பட்டவை. 2022 செப்டம்பரிலிருந்து அதே மலையில் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்துகள் ஏறி இறங்குகின்றன. மலைச்சாலை மின்சார வண்டிக்கு ஆகாது என்ற பேச்சுக்கு தினமும் அங்கே பதில் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, மலை உச்சியில் 100% சார்ஜ் போடாதீர்கள். நிறைந்த பேட்டரியில் ரீஜென் சக்திக்கு இடமில்லை. வண்டியைப் பிடிக்கும் வேலை முழுவதும் சாதாரண பிரேக் மீது விழும். இரண்டு, உச்சியில் டிஸ்ப்ளே காட்டும் கி.மீ-யைப் பார்த்துப் பதறாதீர்கள். சற்று முன் எப்படி ஓட்டினீர்கள் என்பதை வைத்துத்தான் கார் மீதி தூரத்தை ஊகிக்கிறது. ஏறி முடித்ததும் குறைத்துச் சொல்லும், இறங்கி முடித்ததும் கூட்டிச் சொல்லும். இரண்டையும் நம்ப வேண்டாம், சதவீதத்தைப் பாருங்கள்.

வெயிலும் ஏசியும்

அமெரிக்காவின் ஏஏஏ அமைப்பு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 35 டிகிரி வெப்பத்தில் ஏசியோடு ஓட்டியபோது ரேஞ்ச் சராசரியாக 17% குறைந்தது. உறைநிலைக்குக் கீழே சுமார் 7 டிகிரியில் ஹீட்டரோடு ஓட்டியபோது 41% குறைந்தது. அந்த வகையில் நாம் அதிர்ஷ்டசாலிகள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதி, காரின் ரேஞ்சுக்கு ஐரோப்பாவின் ஜனவரியைவிடப் பரவாயில்லை.

டிராஃபிக்கில் மாட்டினால்? ஏசி மணிக்குச் சுமார் 1 யூனிட் எடுக்கிறது. கோயம்பேட்டைத் தாண்ட ஒரு மணி நேரம் ஆனாலும் இழப்பு 7, 8 கி.மீ ரேஞ்ச் மட்டுமே. நின்று நின்று போவதில் மின்சார கார் பெரிதாக இழப்பதில்லை. நெடுஞ்சாலையில் அழுத்தி மிதிப்பதில்தான் இழக்கிறது.

வெயிலின் நிஜமான சேதம் மெதுவாக வரும். முழு சார்ஜோடு நாள் கணக்கில் வெயிலில் நிற்கும் பேட்டரிக்கு வயது சீக்கிரம் கூடும்.

இப்போது ஊருக்குப் போவோம்

வெதுருகுப்பம் சித்தூர் மாவட்டத்து மண்டலம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோதும் சித்தூரோடு நின்ற பகுதி. திருப்பதியிலிருந்து கிராமத்து வீடு வரை 40 கி.மீ என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி சுமார் 140 கி.மீ. கிளம்பும்போது 42 யூனிட்.

80 கி.மீ வேகத்தில் போனால்: நெடுஞ்சாலைக்கு 21, மலை ஏற 6, இறங்கும்போது 1 திரும்ப வரவு, கிராமச் சாலைக்கு 5. மொத்தம் 31. வீட்டு வாசலில் மிச்சம் 11 யூனிட்.

100 கி.மீ வேகத்தில் போனால்: நெடுஞ்சாலைக்கு மட்டும் 26. மொத்தம் 36. மிச்சம் 6 யூனிட்.

இரண்டு வழியிலும் போய்ச் சேருவீர்கள். பிரச்சினை திரும்பும்போதுதான் தெரியும். கிராமத்து வீட்டில் எர்த் சரியாக உள்ள 15 ஆம்ப் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். இரவில் கரண்ட் போய் 5 மணி நேரம்தான் சார்ஜ் ஆனது என்றால், 15 யூனிட். முதல் ஆளிடம் இப்போது 26 யூனிட் இருக்கும். திரும்பும் தூரமும் 140 என்று வைத்தால் அவருக்குத் தேவை 21. நிம்மதியாகச் சென்னை வந்துவிடுவார். இரண்டாவது ஆளிடம் 21 இருக்கும், ஆனால் அவர் பழக்கத்துக்குத் தேவை 26. வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வழியில் ஃபாஸ்ட் சார்ஜர் தேட வேண்டும்.

அவ்வளவுக்கும் அவர் மிச்சப்படுத்தியது என்ன? 140 கி.மீ-யை 80-ல் கடக்க 1 மணி 45 நிமிடம், 100-ல் கடக்க 1 மணி 24 நிமிடம். 21 நிமிடம்தான்.

சின்னச் சின்ன கசிவுகள்

கூடுதலாக 100 கிலோ சாமான் ஏற்றினால் சமதளத்தில் இழப்பு 2% அளவுக்குத்தான். ஆனால் அதே மூட்டையைக் கூரை மேல் கட்டினால் காற்று எதிர்ப்பும் கூடும். எனவே டிக்கிக்குள் வையுங்கள். டயரில் காற்று குறைந்தாலும் ரேஞ்ச் குறையும். கிளம்புவதற்கு முன், சார்ஜரில் இருக்கும்போதே காரைக் குளிர்வித்துவிட்டால் முதல் சில நிமிடங்களின் ஏசி செலவு பேட்டரி கணக்கில் வராது.

பேட்டரியின் வயதையும் மறக்கக் கூடாது. பொதுவாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ உத்தரவாதம் தருகிறார்கள். ஆனால் எத்தனை சதவீதத் திறன் வரைக்கும் அந்த உத்தரவாதம் என்பதைக் கேட்டு வாங்குங்கள். திறன் 10% குறைந்தால் 42 யூனிட் 38 ஆகிவிடும். 100-ல் ஓட்டும் அதே பயணத்தில் மிச்சம் 2 யூனிட்தான்.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

விளம்பரத்து ரேஞ்சை ஓரமாக வையுங்கள். நீங்கள் அடிக்கடி போகும் நீண்ட பயணத்தை எடுத்து, நெடுஞ்சாலை தூரத்தை உங்கள் வழக்கமான வேகத்துக்கான யூனிட்டால் பெருக்குங்கள். மலை இருந்தால், ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 0.6 யூனிட் சேருங்கள். மொத்தத்தை பேட்டரியின் 80 சதவீதத்தோடு ஒப்பிடுங்கள். மீதி 20 சதவீதம் மழைக்கும், மாற்றுப்பாதைக்கும், மூடிக்கிடக்கும் சார்ஜருக்கும், பேட்டரியின் வயதுக்கும். கணக்கு அதற்குள் அடங்கினால் அந்த கார் உங்களுக்குப் போதும். அடங்கவில்லை என்றால் பெரிய பேட்டரிக்குச் சில லட்சம் கூடுதலாகக் கொடுப்பதற்கு முன், 80-ல் ஓட்டினால் அடங்குமா என்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.